ரத்தம் ஊர்ப்பேர் சொல்லுமா?

ஸ்காட் மோமடேயின் 'தி வே டு ரெய்னி மவுன்டன்' (1969) சின்னப் புத்தகம்தான். இந்த வாரம் மறுபடி படித்தேன். முன்பு உருகிப்போய்ப் படித்த ஒரு இடம் இப்போது உறுத்துகிறது.

மோமடே அமெரிக்கப் பூர்வகுடிகளான கயோவா இனத்தவர். வடக்கே யெல்லோஸ்டோன் ஆறு பிறக்கும் மலைகளிலிருந்து ஓக்லஹோமா சமவெளி வரை வந்து சேர்ந்த மக்கள். அவருடைய பாட்டி வாழ்ந்து முடித்தது ரெய்னி மவுன்டன் குன்றருகே. வழியிலிருந்த பிளாக் ஹில்ஸ் மலையை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அதைப் பற்றிச் சொல்லத் தெரியும். அந்த நினைவு ரத்தத்தோடு வந்தது என்பது பேரனின் விளக்கம்.

ரத்தத்துலயே இருந்தா யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லையே? புத்தகத்தின் அமைப்பே இதை மறுக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் முதலில் வாய்மொழிக் கதை, பிறகு வரலாறு, கடைசியில் சொந்த நினைவு. டெவில்ஸ் டவர் பாறையைப் பார்த்ததும், கரடியாக மாறிய சகோதரனிடமிருந்து தப்பி நட்சத்திரமான ஏழு சகோதரிகள் ஞாபகத்துக்கு வருவது, கதையைக் காதால் கேட்டதால்தான். பாட்டி சொன்ன இடங்களைப் பார்க்க 1,500 மைல் போனார் மோமடே. சொன்னது இருந்தது, போனார்.

என் அப்பத்தா பிறந்த ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவங்க ரத்தம்தான் எனக்கும் ஓடுது. அந்த ஊர்க் குளத்தின் பேர் எனக்குத் தெரியாது.