தத்தும் பறவை: ஒரு திறனாய்வு

வியட்நாமியரான டாங் நுயென் 2013-இல் தனியொருவராக எழுதி வெளியிட்ட ‘ஃபிளாப்பி பேர்ட்’ என்னும் செல்பேசி விளையாட்டை, நிரல் எழுதப் பழகும் நீங்கள் அவசியம் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

புவியீர்ப்பு பறவையைக் கீழே இழுக்கிறது. திரையைத் தொட்டால் மேலே எழும்புகிறது. அவ்வளவே! ஆனால், எவ்வளவு வேகமாக விழுந்துகொண்டிருந்தாலும், ஒரு தொடுகையில் கிடைக்கும் மேல்நோக்கு வேகம் ஒன்றேதான். நியூட்டன் இதை ஒப்பமாட்டார். ஒரே அளவு உந்தல் தந்தால் வேக மாற்றம்தானே ஒன்றாயிருக்கும்? எனினும் இந்தப் பொய்யால்தான் ஆடுவோரின் விரலுக்கு விளைவு முன்கூட்டியே தெரிகிறது.

புதியவருக்கென எளிய படி ஒன்றுகூட வைக்காதது பெருங்குறை. முதற் பதக்கத்துக்கே 10 குழாய் இடைவெளிகளைக் கடந்தாக வேண்டும்! தோற்ற மறுகணமே மீண்டும் தொடங்கலாம், பொறி அங்கேதான். பலர் இதற்கு அடிமையாகிவிட்டதாகக் கூறி, 2014 பிப்ரவரியில் நுயெனே இதை விற்பனைத் தளங்களிலிருந்து நீக்கினார். விளம்பர வருவாய் குவிந்துகொண்டிருந்த நேரம் அது.