கலமும் உருவமும்

மட்கலத்தைக் கைத்தொழில் என்றும் சிலையைக் கலை என்றும் பிரித்துப் பேசுவது நம் வழக்கம். உருவமே கலமாக அமைந்த பழம்பொருள்களின் முன் இப்பிரிவு நில்லாது.

மெக்சிகோவின் மேற்குப் பகுதியாகிய கொலிமாவில், ஏறத்தாழக் கி.மு. 300 முதல் கி.பி. 300 வரை, இறந்தாரோடு நாய் வடிவக் கலங்களை வைத்துப் புதைத்தனர். செம்மண் பூச்சிட்டு மெருகேற்றிய இந்நாய்களுக்குக் கொழுத்த வயிறு, குட்டைக் கால்கள். நீர் கொள்ள வயிறு பருக்கவேண்டும். கவிழாதிருக்கக் கால் குறுகவேண்டும். கலத்தின் தேவையே நாயின் அழகாயிற்று.

இத்தகைய கலை நமக்கும் அயலன்று. ஆந்திர நாட்டுக் கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த பெருங்கற்கால ஈமப்பேழை சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அது சுடுமண் ஆட்டுக்கடா. அதன் உடலே எலும்பிடும் தொட்டி.

தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 2004இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பானைத் துண்டு வேறு வகை. பெண், மான், முதலை, கொக்கு, நெற்பயிர் ஆகியவை அதன்மேல் புடைப்பாக ஒட்டப்பட்டுள்ளன. அங்கே பானை உருவங்களைத் தாங்குகிறது. கொலிமாவில் பானையே உருவமாகிறது. முன்னதில் அமைப்பழகையும் பின்னதில் வடிவழகையும் காணவேண்டும். ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் முறையன்று.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. புறநானூற்று 256ஆம் பாட்டில், கணவனை இழந்தவள் தன்னையும் கொள்ளுமாறு தாழியை அகலமாக வனையக் குயவனை வேண்டுகிறாள். அங்கே துயரத்தைச் சொல்வது தாழியின் அகலமே. துறையை மட்டும் கூறி அவ்வகலத்தை விட்டுவிட்டால் பாட்டின் உயிர் போய்விடும்.

என் பிழை ஒன்றையும் கூறவேண்டும். முன்பு தோட்டப் பள்ளியில் மாணவன் ஒருவன் யானை வடிவில் தண்ணீர்ச் சாடி செய்து வந்தான். “யானைக்கு இவ்வளவு குட்டைக் காலா?” என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன். கால் நீண்டால் சாடி சாயும் என்பதை அவன் கை அறிந்திருந்தது. பயிற்சி பெற்ற என் கண் அறியவில்லை. உண்மை யானையோடு ஒப்பிட்டேனே தவிர, அது தாங்கவிருந்த நீரை எண்ணவில்லை.

ஆகவே ஒரு கலத்தை மதிப்பிடுமுன், அது எதைப் போன்றது என்பதோடு எதைக் கொள்ளப் பிறந்தது என்றும் கேட்போமாக.