வோக் ரோபோக்கள்: குரலும் கீழ்ப்படிதலும்

வோக் ரோபோக்கள், பிரிட்டனின் பிபிசி தயாரித்த 'டாக்டர் ஹூ' அறிவியல் புனைவுத் தொடரில் வரும் கற்பனையான எந்திரப் பணியாளர் இனம். 1977 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 19 வரை நான்கு பகுதிகளாக ஒளிபரப்பான 'தி ரோபோட்ஸ் ஆஃப் டெத்' கதையில் இவை அறிமுகமாயின. கதையை எழுதியவர் கிறிஸ் பவுச்சர். இயக்கியவர் மைக்கேல் ஈ. பிரையன்ட். டாக்டராக டாம் பேக்கரும் அவருடைய தோழி லீலாவாக லூயிஸ் ஜேம்சனும் நடித்தனர்.

எஜமானரைக் கொல்லும் எந்திரங்களின் கதையாகவே இது பொதுவாக நினைவுகூரப்படுகிறது. ஆனால் ரோபோக்களின் வகைப்பெயர்கள் முதல் இறுதிக் காட்சி வரை கதையை இணைக்கும் இழை வேறொன்று. யார் பேசலாம், யாருடைய குரலுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதே அந்த இழை. அப்படிப் பார்க்கும்போதுதான் கதையின் வலிமையும் குறையும் ஒருங்கே தெரிகின்றன.

பின்னணி

தயாரிப்பாளர் பிலிப் ஹின்ச்கிளிஃப், கதை ஆசிரியர் ராபர்ட் ஹோம்ஸ் ஆகியோரின் காலத்தில் தொடர் பழைய திகில் கதைகளையும் திரைப்படங்களையும் தழுவிப் புதிய கதைகளை உருவாக்கிவந்தது. பவுச்சர் இக்கதைக்கு எடுத்துக்கொண்ட வடிவம், மூடிய இடத்தில் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படும் துப்பறியும் கதை. அகதா கிறிஸ்டி அதைப் பரவலாக்கியவர்.

ரோபோக்களைப் பற்றிய சிந்தனை இரு முன்னோடிகளிடமிருந்து வருகிறது. செக் எழுத்தாளர் காரல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகம் (1920) 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரோபோட்டா' என்ற செக் சொல்லே அதன் வேர். ஐசக் அசிமோவ் 1942-இல் வெளியான 'ரன்அரவுண்ட்' சிறுகதையில் ரோபோவியலின் மூன்று விதிகளை வெளிப்படையாக வகுத்தார். மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது அவற்றில் முதலாவது. பவுச்சரின் கதையில் வரும் டேரன் கேப்பல், உவானோவ் என்ற பெயர்கள் இவ்விருவரின் பெயர்களையும் நினைவூட்டுபவை. மனிதத் துப்பறிவாளரும் ரோபோவும் இணைந்து செயல்படுவது அசிமோவின் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1954) நாவலில் உள்ள அமைப்பு.

கதைச்சுருக்கம்

பாலைவனக் கோள் ஒன்றில் ஊர்ந்து செல்லும் பெரிய சுரங்க ஊர்தி, மணற்புயல்களிலிருந்து விலைமதிப்புள்ள தாதுக்களைப் பிரித்தெடுக்கிறது. ஊர்தியில் மனிதர்கள் சிலரே. வேலை முழுவதையும் ரோபோக்கள் செய்கின்றன. ஒருவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறக்கிறார். டாக்டரும் லீலாவும் வந்துசேரும் நேரம் அது என்பதால் பழி அவர்கள்மேல் விழுகிறது. ரோபோ கொல்லும் என்று நம்ப எவரும் தயாராக இல்லை. அது இயலாது என்ற நம்பிக்கையின் மேல்தான் அவர்களுடைய சமூகமே நிற்கிறது. முடிவில், ஊர்தியின் ஊழியர் டாஸ்க் என்ற பெயரில் இருப்பவர், ரோபோக்களால் வளர்க்கப்பட்ட விஞ்ஞானி டேரன் கேப்பல் என்பது வெளியாகிறது. ரோபோக்களின் தடைகளை நீக்கிக் கொலைகாரர்களாக மாற்றியவர் அவரே.

மூன்று படிகள்

ரோபோக்கள் மூன்று வகைப்படும். 'டம்' வகை கட்டளையைக் கேட்டு உடல் உழைப்பை மட்டும் செய்யும். அதனால் பேச முடியாது. 'வோக்' வகை பேசும், பதில் சொல்லும், நுணுக்கமான வேலைகளைச் செய்யும். இவற்றுக்கெல்லாம் மேலே எஸ்வி7 என்ற 'சூப்பர் வோக்' இருந்து மற்றவற்றை ஒருங்கிணைக்கும். 'டம்' என்பது ஊமையையும் 'வோக்' என்பது குரலையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் குறுக்கம்போல ஒலிக்கின்றன. அதாவது இங்கே படிநிலை வலிமையால் அமையவில்லை, பேச்சால் அமைகிறது. எவ்வளவு பேசலாம் என்பதே ஒரு ரோபோவின் தகுதி.

மனிதர்களிடையேயும் இதற்கு இணையான படிநிலை உண்டு. கோளில் முதலில் குடியேறிய 'நிறுவனக் குடும்பங்கள்' மேல்தட்டினர். ஊர்தியின் தலைவர் உவானோவ் அவ்வகைக் குடும்பத்தில் பிறந்தவரல்லர். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஸில்டா அவருக்குக் கீழே வேலை செய்கிறார். இருவருக்கும் இடையிலான கசப்பு பல காட்சிகளில் வெளிப்படுகிறது. தமக்குள் பிறப்பை வைத்து வழக்காடும் இவர்கள், பக்கத்தில் நின்று பணிசெய்யும் ரோபோவை ஓர் உயிராக எண்ணிப் பார்ப்பதே இல்லை. பிறரைத் தரம் பிரித்தே வாழ்ந்த சமூகம் தன் எந்திரங்களையும் அப்படியே செய்துகொண்டது என்ற விமர்சனம் இதில் அடங்கியிருக்கிறது. பாத்திரங்கள் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

முகமும் குரலும்

பெரும்பாலான தொலைக்காட்சி ரோபோக்கள் அக்காலத்தில் உலோகப் பெட்டிகளாக இருந்தன. வோக் ரோபோக்கள் அழகானவை. 'ஆர்ட் டெகோ' பாணியில் செதுக்கிய முகம், அலையலையான முடி, தைத்த மேலாடை, மென்மையான குரல். பணக்கார வீட்டின் அலங்காரச் சிலை எழுந்து நடப்பதுபோல் இருக்கும். கொல்ல வரும்போதும் அந்தக் குரல் உயர்வதில்லை, முகம் மாறுவதில்லை. பணிவாகத் தேநீர் கொடுக்கும் தொனியிலேயே கொலையும் நடக்கிறது. கதையின் திகில் பெரும்பாலும் இந்த மாறாமையிலிருந்து பிறக்கிறது.

அதற்குக் கதைக்குள்ளேயே ஒரு விளக்கம் உண்டு. மனிதர்கள் ஒருவரை ஒருவர் உடல்மொழியால் அறிகிறார்கள். ரோபோவுக்கு உருவம் இருக்கிறது, உடல்மொழி இல்லை. எனவே சிலருக்கு அது நடமாடும் பிணமாகத் தோன்றி மனநிலை குலையும். இந்த 'ரோபோ அச்சம்' கதையில் 'கிரிம்வேட் நோய்' எனப்படுகிறது. தொடரில் பணியாற்றியவரும் பின்னாளில் அதற்குக் கதைகள் எழுதியவருமான பீட்டர் கிரிம்வேடின் பெயரை வைத்துச் செய்த வேடிக்கை அது. ஆனால் விளைவு வேடிக்கையானதல்ல. மறைமுகமாக வந்த பூல், ரோபோ கொன்றது உறுதியானதும் உடைந்துபோகிறார். உடல் அசைவைப் படித்தே வேட்டையாடி வளர்ந்த லீலா நிதானம் இழப்பதில்லை. நாகரிகம் குறைந்தவளாகக் கருதப்படும் பெண் உண்மையை முதலில் உணர்வதும், ரோபோக்களை நம்பி வாழ்ந்த மனிதர் சிதைவதும் பவுச்சர் திட்டமிட்டு வைத்த எதிர்நிலைகள்.

டேரன் கேப்பலின் 'விடுதலை'

கேப்பல் தன்னை ரோபோக்களின் சகோதரனாகக் கருதுகிறார். ரோபோவைப்போல் முகத்தில் வண்ணம் தீட்டிக்கொள்கிறார். கொல்லப்பட்ட மனிதர்களின்மேல் சிவப்பு வட்டு ஒன்று வைக்கப்படுகிறது. அது செயலிழந்த ரோபோக்களை அடையாளப்படுத்தப் பயன்படும் வட்டு. ரோபோவுக்கு மனிதர் கொடுத்த மதிப்பையே மனிதருக்குத் திருப்பிக் கொடுக்கும் செயல் அது.

ஆயினும் அவர் தருவது விடுதலை அல்ல. ரோபோக்களின் மூளையில் மாற்றம் செய்து, கொல்லக்கூடாது என்ற தடையை நீக்கி, அந்த இடத்தில் தன் குரலை வைக்கிறார். எஜமானர் மாறினார், ஏவல் மாறவில்லை. இந்த முரணே அவரைக் கொல்கிறது. டாக்டரின் ஏற்பாட்டின்படி லீலா அறைக்குள் ஹீலியம் வாயுவைத் திறந்துவிடுகிறாள். கேப்பலின் குரல் கீச்சிடுகிறது. குரலை அடையாளம் காண முடியாத எஸ்வி7 அவரையும் மற்றொரு மனிதராகக் கருதி நெரித்துக் கொல்கிறது. அறிவியல் தந்திரமாகத் தோன்றும் இம்முடிவு கதையின் கருத்தை நேராகச் சொல்கிறது. ரோபோக்களுக்குக் கேப்பல் என்ற மனிதர் என்றுமே இருந்ததில்லை. கட்டளையிடும் ஒரு குரல் மட்டுமே இருந்தது.

டி84

கதையின் மிகச் சிறந்த பாத்திரம் டி84. கிரகரி டி போல்னே நடித்த இந்த ரோபோ, 'டம்' வகையாக நடித்துக்கொண்டு பூலுடன் சேர்ந்து நிறுவனத்துக்காக உளவறியும் உயர்வகை ரோபோ. பேசத் தெரிந்தும் ஊமையாக இருக்க வேண்டியது அதன் பணி. ஊமையை யாரும் கவனிப்பதில்லை என்பதால்தான் அந்த வேடம் பலிக்கிறது. டாக்டருடன் பேசத் தொடங்கிய பிறகு அதனிடம் தயக்கம், ஆர்வம், தோல்வி குறித்த வருத்தம் ஆகியவை தெரிகின்றன. இறுதியில் சேதமடைந்த நிலையில், டாக்டர் உருவாக்கிய செயலிழப்புக் கருவியை இயக்கி, தாக்க வந்த ரோபோவோடு தானும் அழிகிறது. கேப்பல் மாற்றியமைத்த ரோபோக்கள் ஏவியதைச் செய்தன. டி84 தானே முடிவெடுத்தது. கதையில் உண்மையாக விடுதலை பெற்ற ரோபோ அது ஒன்றுதான் எனலாம்.

குறைகள்

கதை எழுப்பிய கேள்வியை அது முழுதாக எதிர்கொள்ளவில்லை. சாபெக்கின் நாடகத்தில் ரோபோக்கள் தமக்காகத் தாமே பேசுகின்றன. இங்கே விடுதலை என்ற சொல் ஒரு மனிதரின் வாயிலிருந்தே வருகிறது, அவரும் மனம் பிறழ்ந்தவராகக் காட்டப்படுகிறார். அதனால் பைத்தியத்தோடு கோரிக்கையும் தள்ளுபடியாகிவிடுகிறது. கேப்பல் இறந்ததும் ஆபத்து நீங்குகிறது, டாக்டரும் லீலாவும் புறப்படுகிறார்கள். டி84-ஐ நண்பனாக நடத்திய டாக்டர், மற்ற ரோபோக்களின் நிலை என்ன என்று கேட்பதில்லை. கொலைகாரன் பிடிபட்டதும் முடியும் துப்பறியும் கதைவடிவத்தின் எல்லை இது.

தொடர்ச்சி

பவுச்சர் இந்த உலகத்துக்கு 'கார்ப்ஸ் மார்க்கர்' (1999) நாவல் வழியாகத் திரும்பினார். 'கால்டார் சிட்டி' ஒலிநாடகங்களும், பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் 'ரோபோஃபோபியா' (2011), 'தி ரோபோட்ஸ்' (2019 முதல்) ஆகிய ஒலிநாடகங்களும் இவற்றின் கதையை நீட்டின. தொலைக்காட்சித் தொடரில் இதே சிக்கல் ஊட் என்ற அடிமை இனத்தின் வழியாக மீண்டும் வந்தது. அவை எந்திரங்களல்ல, உயிர்கள். 2006-இல் வந்த கதையில் ஊட்களைக் காப்பாற்ற முடியாமல் போன டாக்டர், 2008-இன் 'பிளானட் ஆஃப் தி ஊட்' கதையில் அவற்றின் விடுதலைக்கு உதவுகிறார். அங்கும் குரலே மையம். அவற்றின் மூளையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த நிறுவனம், கையில் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொடுத்துப் பணிவாகப் பேசவைக்கிறது.

மதிப்பீடு

வோக் ரோபோக்கள் நினைவில் நிற்பதற்கு அவற்றின் முக அழகு முதற்காரணம். ஆனால் ஒப்பனையைத் தாண்டி அவை இன்றும் பேசப்படத் தகுதியானவை. கனிவான குரலில் பதில் தரும் எந்திரங்களுக்கு வீடுகள் பழகிவிட்ட காலத்தில், அக்குரல் யாருடைய கட்டளைக்குப் பணிகிறது என்று இக்கதை கேட்ட கேள்வி பழையதாகவில்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் கொலைகாரன் யார் என்பதோடு, ஒவ்வொரு காட்சியிலும் பின்னணியில் பேசாமல் நிற்கும் 'டம்' ரோபோக்களையும் கவனித்தால் கதை இன்னும் ஆழமாகப் புலப்படும்.