வடிகாலுக்குச் சரிவு வேண்டாமா?

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், மாநகரின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். மஞ்சவாடி கணவாய் வழியாக அரூர் செல்லும் சாலை இங்கேதான் பிரிகிறது. வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை. இவ்விரண்டுக்கும் நடுவே விழும் மழைநீர் ஓடை வழியாக ஏரியை அடைய வேண்டும். ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். முடிவில் ஆற்றில் சேர வேண்டும். சேலம் நகரின் ஊடே ஓடும் திருமணிமுத்தாறும் சேர்வராயன் மலையில் பிறந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பதுதான்.

இந்தப் பாதையைத் தீர்மானித்தது நிலத்தின் சரிவு. நகரை மேம்படுத்தும் கட்டுமானப் பணிகளில் இன்று பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவதும் அந்தச் சரிவே. அதைப்பற்றித்தான் இங்கே சற்றுக் கண்டிப்பாகப் பேச விரும்புகிறேன்.

2016இல் சேலம் 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2020 ஜூனில் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலமும், 2023 ஜூனில் ஈரடுக்குப் பேருந்து நிலையமும் திறக்கப்பட்டன. இவை தேவையற்றவை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாலம் கண்ணுக்குத் தெரியும்; வடிகாலின் சரிவு தெரியாது. பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு. சரிவுக்கு ஏது விழா? இத்தனை மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் போட்டாயிற்று என்று அளந்தால், வடிகால் வேலை முடிந்ததாகக் கணக்கு. அதில் தண்ணீர் ஓடுமா என்று அளப்பவர் யார்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 ஹெக்டேர் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். விழும் நீர் 5 லட்சம் லிட்டர். அதாவது விநாடிக்குச் சுமார் 139 லிட்டர். அந்த நிலம் உழுத வயலாக இருந்தால், பெரும்பகுதியை மண் குடித்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு வெளியே ஓடுவதாகக் கொண்டால் விநாடிக்கு 28 லிட்டர். அதே வயல் மனைகளாகி, கூரையும் தாரும் சிமெண்டும் மூடிவிட்டால், பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும். அது விநாடிக்கு 125 லிட்டர்! மழை கூடவில்லை, வெள்ளம் மட்டும் நான்கு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. மேம்பாலத்தின் மேல்தளம் 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு கிலோமீட்டரும் மண்ணே இல்லாத 1 ஹெக்டேர்தான். அந்த நீரும் குழாய் வழியாகக் கீழே உள்ள தெருவுக்கே இறங்குகிறது.

இவ்வளவு நீரையும் கொண்டுசெல்ல வேண்டிய வடிகாலின் நிலை என்ன? வடிகாலில் நீரின் வேகம், சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சரிவு கால் பங்கானால் வேகம் பாதியாகும். மணலும் சேறும் அடியில் படியாமல் அடித்துச் செல்லப்பட, விநாடிக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் வேகமாவது வேண்டும். வேகம் குறைந்தால் மணல் படியும். படிந்த மணல் மேலும் வேகத்தைக் குறைக்கும். கான்கிரீட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது.

200 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும்படி ஒரு வடிகால் கட்டப்பட்டதாகக் கொள்வோம். அதன் கடைசியில், ஒரு வாசல் பாலத்துக்காகவோ தண்ணீர்க் குழாய்க்காகவோ அடித்தளம் 10 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அந்த இடத்துக்குப் பின்னால் 20 மீட்டர் தூரத்துக்கு நீர் தேங்கி நிற்கும். ஒரு சாண்கூட இல்லாத பிழை, நாலைந்து வீட்டு வாசலில் கொசுப் பண்ணையாகிவிடுகிறது.

சாலை போடுவதிலும் இதே கதைதான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேல் 4 சென்டிமீட்டர் புதுத் தார் போடுகிறார்கள். ஐந்து முறை போட்டால் தெரு 20 சென்டிமீட்டர் உயரும். வீட்டு வாசற்படி உயராதே! பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். சாலை மட்டம் உயரக்கூடாது என்பது அதன் நோக்கம். அறிவுரை சரியானது; அது தெருவில் நடக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

நிலம் தட்டையாக இருக்கிறது, எப்படிச் சரிவு கொடுப்பது என்று கேட்கலாம். கடலோரத்துச் சென்னைக்கு அந்தச் சாக்கு ஓரளவு பொருந்தும். மலையடிவாரத்துச் சேலத்துக்கு அது பொருந்தாது. இங்கே இயற்கை சரிவை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. மட்டம் பார்த்து வேலை செய்தால் போதும். அதற்கான செலவு கான்கிரீட் செலவில் மிகச் சிறு பகுதியே.

சரிவு தவறினால் அந்தக் கடனை அடைப்பவர்கள் இருவர். ஒருவர், விலை குறைந்த பள்ளமான மனையில் வீடு கட்டிய ஏழை. மற்றவர், அடைத்துக்கொண்ட சேற்றை அள்ள வரும் தூய்மைப் பணியாளர். உரிய பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் தடுக்கும் கொடுமைக்கு, தவறான மட்டத்தில் பதித்த குழாய் மீண்டும் வழி திறந்துவிடலாமா?

மாற்று வழி புதிரானதன்று. ஓடிவரும் நீரைக் குறைக்க, அதை மண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும். 2003இல் தமிழகம் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சீனா 2015இல் 16 நகரங்களில் 'பஞ்சு நகர'த் திட்டத்தைத் தொடங்கியது. நகரே பஞ்சுபோல் நீரை உறிஞ்ச வேண்டும் என்பது அதன் கருத்து. நம் ஏரிகள் அந்த வேலையைத்தானே செய்துவந்தன? சேலத்தில் தாதுபாய்க்குட்டை என்று ஒரு பகுதி உண்டு. அயோத்தியாப்பட்டணத்தைச் சுற்றியுள்ள குட்டைகளும் இப்படி வெறும் முகவரிகளாகிவிடக்கூடாது. வயல்கள் மனைகளாகும் இந்தக் காலத்திலேயே ஓடைகளையும் அவற்றின் மட்டங்களையும் குறித்து வைத்துக்கொண்டால், பின்னர் இடித்துக் கட்ட வேண்டியிராது.

மாணவ நண்பர்களே, இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை 10 மீட்டரைவிடச் சில மீட்டர் கூடுதல் நீளத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். இரு முனைகளையும் வடிகால் ஓரத்தில், 10 மீட்டர் இடைவெளியில், நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும். அந்த மட்டத்திலிருந்து வடிகாலின் அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று இரு இடத்திலும் அளவுகோலால் அளந்து கழித்தால், சரிவு கிடைத்துவிடும். 200க்கு 1 என்ற சரிவு இருந்தால் வித்தியாசம் 5 சென்டிமீட்டர் வர வேண்டும். தெரு முழுவதும் இப்படி அளந்து, ஒரு தாளில் வரைபடமாக்கி உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். புதிய வடிகாலுக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்னரே கொடுத்தால் இன்னும் நல்லது.