சாம்பிள் பார்க்காமல் ஆர்டர் இல்லை

திருப்பூரில் யாரும் பேச்சை நம்பித் துணி வாங்குவதில்லை. 180 ஜிஎஸ்எம் என்று சொன்னால், கட்டரை வைத்து ஒரு வட்டம் வெட்டித் தராசில் போட்டுப் பார்ப்பார்கள். துவைத்துக் காயவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பார்கள். சாம்பிளுக்கு பையர் ஒப்புதல் தந்த பிறகுதான் கட்டிங் டேபிளில் துணி விரியும். அதே ஊரில் இருக்கும் எங்களைப் போன்ற புத்தகப் பித்தர்கள் மின்நூல் கருவி வாங்கும்போது மட்டும் எத்தனை ஜிபி, எத்தனை நாள் சார்ஜ் நிற்கும் என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறோம். எந்தக் கம்பெனிக் கருவியானாலும் அதற்குக் கிண்டில் என்றுதான் இங்கே பெயர், நகல் எடுப்பதற்கெல்லாம் ஜெராக்ஸ் என்று பெயர் வந்த மாதிரி. அந்தப் பெயரோடு தேர்வும் முடிந்துவிடுகிறது.

கருவி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இந்த ஊருக்கு அது மிகவும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டு மணிக்கு வெளியே வரும் ஒன்றரை ஷிப்ட் வாழ்க்கையில் வாசிப்புக்குக் கிடைப்பது துண்டு துண்டான நேரம். டீ டைமில் பத்து நிமிடம், டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம், படுக்கும் முன் அரை மணி. ஒரே அறையில் நான்கு பேர் தங்கியிருந்தால் அந்த அரை மணிக்கும் சிக்கல். இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கும்போது டியூப் லைட் போட முடியாது. பக்கத்தின் மீது மட்டும் மெல்லிய ஒளி படியும் கருவி அங்கே பெரிய உதவி. லைன் வீட்டில் அலமாரிக்கு இடமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ மட்டுமே 26 நாவல்கள். வீடு மாறும்போதெல்லாம் அதை மூட்டை கட்டியவர்களுக்கு 158 கிராம் எடையுள்ள கிண்டிலின் அருமை தெரியும்.

திரையின் வேலைப்பாடும் மெச்சத்தக்கது. முடியின் தடிமனே உள்ள நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் உள்ளே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள், இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்சாரம் பாய்ந்ததும் ஒரு நிறம் மேலே வந்து நிற்கும். நின்ற பிறகு அதற்கு மின்சாரம் வேண்டாம், சாயம் ஏறி முடிந்த துணிக்கு மறுபடி அடுப்பு வேண்டாத மாதிரி. பக்கம் திருப்பும்போதுதான் மறுபடி செலவு. அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் வருகிறது, நல்ல வெயிலிலும் எழுத்து தெளிவாக நிற்கிறது. போனில் ஒளி கண்ணை நோக்கி வருகிறது. இதில் ஓரத்து விளக்குகளின் ஒளி பக்கத்தின் மீது பரவுகிறது. நாள் முழுக்க விளக்கடியில் ஓட்டையும் ஆயில் கறையும் லைக்ரா கட்டும் தேடிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

இத்தனைக்கும் பிறகுதான் தமிழ் வருகிறது. தமிழ் வாசகருக்குக் கருவி தோற்கும் இடங்கள் விளம்பரத்தில் இருப்பதில்லை.

என்னுடைய ஆறு அங்குலத் திரையில் திருக்குறளைத் திறந்து எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். முதல் அடியின் நான்காம் சீர் கீழே இறங்கி, தனியாக ஒரு வரியாக நின்றது. அதற்கும் கீழே மூன்று சீர்கள். ஏழு சீரில் இரண்டு அடியாக இருக்கவேண்டிய குறள் கண்ணுக்கு மூன்று அடியாகத் தெரிகிறது. உரைநடையிலும் இதே கதைதான். நம் சொற்கள் நீளமானவை. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்குப் போனால், மேலே இருக்கும் இரண்டு மூன்று சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி விழும், தையல் விட்ட பீஸ் மாதிரி. அதே சொல்லின் மீது விரலை வைத்தால் அகராதிக்கு ‘வா’ என்ற வேர் பிடிபடாது. ஆங்கில நாவலில் கை கொடுக்கும் அகராதி வசதி தமிழில் பெயரளவுக்குத்தான்.

பழைய புத்தகங்கள் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெரும் செல்வம் கிடக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்களாக. அவை படங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடியாது, பக்கமே திரைக்கு வெளியே போகும். ஆறு அங்குலத்தில் ஒரு வரியைப் படிக்க இடமும் வலமுமாக நகர்த்தியபடி நான் பதினைந்து பக்கம் படித்திருக்கிறேன், அதற்கு மேல் முடியவில்லை. யூனிகோடுக்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை மாற்றிப் போட்டால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் வரும். லயன், முத்து காமிக்ஸ் விரும்பிகளுக்கு இந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைத் திரையில் ஒன்றுமே இல்லை.

ஆக, ஒருவர் என்ன படிப்பார் என்பதுதான் முதல் கேள்வி. யூனிகோடில் கிடைக்கும் நாவலும் சிறுகதையும் போதும் என்பவருக்கு ஆறு அங்குலம் தாராளம். ஸ்கேன் பிரதிகளில் ஆய்வு செய்கிறவர் பத்து அங்குலத்துக்குப் போகவேண்டும், அல்லது டேப்லட்டோடு இருந்துவிடலாம். ஏழு அங்குலக் கிண்டில் பேப்பர்ஒயிட் 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 16,999 ரூபாய். வாரச் சம்பளக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்தப் பணத்தைப் போட்டும் ஸ்கேன் பிரதிக்கு அது சிறிய திரைதான்.

இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: வாங்கிய புத்தகம் யாருடையது? 2009 ஜூலையில் அமேசான், தான் விற்ற ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ பிரதிகளை வாசகர்களின் கிண்டிலில் இருந்தே அழித்தது. அவற்றைக் கடையில் ஏற்றிய நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று காரணம் சொன்னார்கள், பணமும் திருப்பித் தந்தார்கள். ஆனால் ஒருவர் வீட்டு அலமாரிக்குள் கடைக்காரரின் கை நீள முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. பிளிப்கார்ட் 2015 டிசம்பரில் தன் மின்நூல் கடையை மூடி, வாங்கியவர்களை வேறொரு நிறுவனத்தின் பக்கம் அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை 2019இல் மூடியபோது பணம் திரும்பி வந்தது, புத்தகங்கள் போயின. 2025 பிப்ரவரி 26 முதல், கிண்டில் கடையில் வாங்கிய நூலை இணையத்தளத்தில் இருந்து கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியையும் அமேசான் எடுத்துவிட்டது. நாம் காசு கொடுத்து வாங்குவது படிக்கும் அனுமதியைத்தான்.

இந்த ஊரில் புத்தகம் நடந்து போகும் பொருள். திருப்பூர் புத்தகத் திருவிழாவில் ஒருவர் வாங்கும் நாவலை ஆறு மாதத்தில் ஐந்து பேர் படித்திருப்பார்கள். நொய்யல் ஆற்றில் சாயம் ஓடிய கதையைச் சொல்லும் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ என்னிடம் வந்தது அப்படித்தான், அட்டை கிழிந்து, மூன்று பேரின் அடிக்கோடுகளோடு. மின்நூலில் எனக்கு முன் படித்தவரின் பென்சில் கோடு இல்லை. கடையில் வாங்கியதைப் படித்து முடித்ததும் அடுத்தவர் கையில் கொடுக்கவும் முடியாது. சேர்ந்து படித்துச் சேர்ந்து விவாதித்த ஒரு தொழிலாளர் ஊருக்கு இது உண்மையான இழப்பு. எத்தனை வசதியைச் சொன்னாலும் இதற்கு ஈடாகாது.

கடையை நம்பாத வழியும் இருக்கிறது, நம்மவர்கள் போட்ட வழி. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் தொடங்கி நாட்டுடைமை ஆன கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வரை, பல ஊர்த் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து பிழை பார்த்தவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு, எழுத்தாளர்களின் சம்மதத்தோடு நூல்களை இபப் (EPUB) கோப்புகளாகத் தருகிறது. இந்தக் கோப்புகளுக்குப் பூட்டு இல்லை. கருவி மாறினாலும் கூட வரும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். 2022 முதல் கிண்டிலுக்கே இபப் கோப்பை அனுப்பிப் படிக்கலாம். கிண்டில் கடையையும் நான் ஒதுக்கவில்லை. 2016 டிசம்பரில் அங்கே தமிழ் நூல்கள் வந்தன. 2018இல் அவர்களுடைய எழுத்துப் போட்டியில் தமிழும் சேர்ந்தது. பதிப்பாளர் வாசலில் நிற்காமல் பலர் எழுத்தாளர் ஆனார்கள். எடிட்டரும் பிழை திருத்துநரும் இல்லாமல் வந்த ஒற்றுப்பிழை மலிந்த நூல்களும் அதே வழியில்தான் வந்தன. புதிய நூல்களுக்குக் கடை, பழையவற்றுக்குப் பூட்டில்லாத கோப்பு, நெஞ்சுக்கு நெருக்கமானவற்றுக்குக் காகிதம் என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.

செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா டீ டைமில் என் கருவியை வாங்கிப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, இதுல எழுத்து இன்னும் பெருசாகுமா?”

“ஆகுங்கக்கா.”

அவராகவே இரண்டு தடவை பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். விலையைக் கேட்டதும் திருப்பிக் கொடுத்தார். வாங்காதீர்கள், முதலில் சாம்பிள் பாருங்கள் என்று சொல்லி, அவர் போனில் ஒரு இலவச வாசிப்புச் செயலியும் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகமும் போட்டுக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்தார். “கதை நல்லாப் போகுதுங் கண்ணு. எழுத்தும் போதும். ராத்திரிக்கு இந்த வெளிச்சந்தான் கண்ணுக்கு ஒத்துக்கல.”

அவருக்கு என்ன வேண்டும் என்பது அப்போது இரண்டு பேருக்குமே தெளிவாகிவிட்டது. ஆறு அங்குலம், உள்ளதிலேயே விலை குறைந்தது, கடையில் ஒரு புத்தகமும் வாங்கத் தேவையில்லை. ஓவர்டைம் காசைத் தனியாக எடுத்து வைக்கிறார். அதுவரை என்னுடையது சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் போய் திங்கட்கிழமை காலை திரும்பி வருகிறது. இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறார்.