‘பகிர்வு’ என்னும் சொல்லும் உடைமை உறவுகளும்

சொற்கள் வர்க்க நலன்களைப் புலப்படுத்துவது போலவே மறைக்கவும் செய்கின்றன. இலக்கிய விமரிசகர் நன்கறிந்த இவ்வுண்மை சந்தையின் மொழிக்கும் சட்டத்தின் மொழிக்கும் பொருந்துவதாகும். ‘பகிர்வுப் பொருளாதாரம்’ என்னும் தொடரை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடையது.

2010 இல் சன் பிரான்சிஸ்கோவில் ‘ஊபர்கேப்’ என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தை, உரிய அனுமதிப்பத்திரமின்றி வாடகைக்கார்ச் சேவை நடத்துவதாகக் கூறி, நிறுத்துமாறு அதிகாரிகள் பணித்தனர். நிறுவனம் தொழிலை நிறுத்தவில்லை. வாடகைக்காரைக் குறிக்கும் ‘கேப்’ என்ற சொல்லையே பெயரிலிருந்து நீக்கியது. 2013 இல் கலிபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணைக்குழு, காப்புறுதி முதலிய நிபந்தனைகளுடன், ‘போக்குவரத்து வலையமைப்புக் கம்பனி’ என்றொரு புதிய வகையினை வகுத்தது. பழைய சட்டத்துள் அடங்க மறுத்த தொழில், தனக்கெனப் புதியதொரு சட்டப் பெயரைப் பெற்றுக்கொண்டது.

எனினும், இவ்வங்கீகாரத்தை வெறும் சொல்மாயத்தின் விளைவெனக் கொள்வது இயந்திரப்பாங்கான பார்வையாகும். பழைய ஒழுங்கும் குற்றமற்றதாக இருக்கவில்லை. நியூயோர்க்கில் வாடகைக்கார் உரிமம் முதலீட்டுப் பண்டமாகி, 2014 அளவில் பத்து இலட்சம் டொலரையும் தாண்டியிருந்தது. சாரதியரிற் பலர் அவ்வுரிமத்தை நாள்வாடகைக்கே பெற்றனர். காத்திருந்து சலித்த பயணிகளின் மனக்குறையும் உண்மையானதே. அம்மனக்குறையைத் தன் அரசியற் பலமாக மாற்றியதிலேயே புதிய மூலதனத்தின் வெற்றி தங்கியிருந்தது.

ஆயின், சாரதியைப் ‘பங்காளி’ என்றழைத்ததால் உற்பத்தி உறவு மாறிவிடவில்லை. வாகனமும் எரிபொருளும் நட்டமும் அவருடையவை. கட்டணத்தை விதிப்பது நிறுவனம். 2016 இல் இலண்டன் தொழில் நியாய சபை நிறுவனத்தின் ஆவணங்களிற் காணப்பட்ட புனைவுகளையும் திரிபுற்ற மொழியையும் புத்தம்புதுச் சொற்களையும் சுட்டி ஐயுற்றது. அளவிறந்த மறுப்பே ஐயத்துக்கு இடமளிக்கும் என்பதை உணர்த்த ‘ஹம்லற்’ நாடகத்து அரசியின் கூற்றொன்றையும் நினைவுகூர்ந்தது. நீதிபதிகள் இங்கு விமரிசகரின் பணியைச் செய்தனர் எனலாம். 2017 இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதனைப் போக்குவரத்துச் சேவையென்றே தீர்ப்பளித்தது. 2021 இல் பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றம், வழக்காடிய சாரதியர் குறைந்தபட்ச வேதனத்திற்கும் சம்பளத்துடனான விடுமுறைக்கும் உரித்துடைய தொழிலாளரே என உறுதிப்படுத்தியது.

இத்தீர்ப்புகளைக் கொண்டு மனநிறைவு அடைவதற்கில்லை. 2020 இல் கலிபோர்னியாவில் இத்தகைய நிறுவனங்கள் இருபது கோடி டொலருக்கும் அதிகமாகச் செலவிட்டு, சாரதியரைச் சுயாதீன ஒப்பந்தக்காரராகவே வைத்திருக்கும் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றிக்கொண்டன. 2024 இல் அம்மாநில உயர் நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. ஒரே உழைப்பு ஓரிடத்தில் தொழிலாளர் உழைப்பாகவும் பிறிதோரிடத்தில் சுயதொழிலாகவும் பெயர் பெறுகின்றது. பெயரிடும் அதிகாரம் யாருடையது என்பது மொழியியல் வினா மாத்திரமன்று; அது வேதனம் பற்றிய வினா, ஓய்வு பற்றிய வினா, இறுதியில் வர்க்கங்களின் பலம் பற்றிய வினாவுமாகும்.