ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு கிலோ: இலகுவான காரை ரசிப்பது எப்படி?

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற செய்தி தமிழ்நாட்டின் எல்லா ஊர்களையும் போலக் கடலூரையும் சிதம்பரத்தையும் எட்டியது. ஆனால் அந்த அணி ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப் என்பது எத்தகைய இயந்திரம், அது எதனால் அவ்வளவு வேகமாக வளைவுகளைக் கடக்கிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அணியைக் கொண்டாடிய ஊர், ஓடியதைப் பற்றி ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. இது கோடீஸ்வரர்களின் பொருள், நம்மால் வாங்க முடியாதது, ஆகவே நமக்கு இதில் பேச ஒன்றுமில்லை என்று விலகி நிற்பதே வழக்கமாகிவிட்டது. சிதம்பரத்து நாட்டியாஞ்சலியைக் காண வருபவரிடம் உமக்கு ஆடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. காரை ரசிப்பதற்கு மட்டும் அதன் சாவி கையில் இருக்க வேண்டும் என்று ஏன் கருத வேண்டும்? உண்மையில், விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரின் பெருமையில் பெரும்பகுதி அதன் விலையோடு தொடர்பில்லாதது; எடையைக் குறைப்பது என்ற ஒரே பொறியியல் சிந்தனையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கத் தொடங்கும்.

அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பொருளின் வேகத்தை மாற்ற வேண்டுமானால் விசை வேண்டும், பொருளின் நிறை கூடக் கூட விசையும் கூட வேண்டும் என்பது பள்ளிப் பாடம். கார் வேகமெடுக்கும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், வளையும்போதும் இந்த விதியே செயல்படுகிறது. எஞ்சினின் குதிரைத்திறனோ இம்மூன்றில் முதலாவதற்கு மட்டுமே உதவுகிறது, எடைக் குறைப்பு மூன்றுக்கும் உதவுகிறது. சாலையில் ஓடும் 911 ஜிடி3-இலும் பந்தயத்துக்கான ஜிடி3 கப்பிலும் இருப்பது நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின். இரண்டின் திறனும் 510 குதிரைத்திறன். முன்னதன் எடை சுமார் 1,418 கிலோ, பின்னதன் எடை சுமார் 1,260 கிலோ. பந்தய டயர்களும், காரைத் தரையோடு அழுத்தும் பின் இறக்கையும் தம் பங்கை ஆற்றுகின்றன என்றாலும், ஏறத்தாழ 160 கிலோ குறைந்த காருக்கு ஒவ்வொரு வளைவிலும் கிடைக்கும் சலுகையை எஞ்சினில் எத்தனை குதிரைகளைச் சேர்த்தாலும் ஈடுசெய்ய இயலாது.

எடையைக் குறைக்கும் பொருள்களைப் பற்றியும் விரைவாகவே சொல்லலாம், ஏனெனில் இவ்வட்டாரத்து வாசகருக்கு அவை அந்நியமானவை அல்ல. கடலூர் சிங்காரத்தோப்பிலும் தேவனாம்பட்டினத்திலும் கரையேறி நிற்கும் ஃபைபர் படகு, கண்ணாடி இழைப் பாயை அச்சின் மேல் விரித்து, அதில் ரெசின் எனப்படும் பிசினை ஊற்றி இறுகவைத்துச் செய்யப்படுவது. கண்ணாடி இழைக்குப் பதிலாகக் கரிம இழையை வைத்து, ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்த அடுப்பில் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுகவைத்தால் அதுவே கார்பன் ஃபைபர். படகும் பந்தயக் காரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 1981-இல் மெக்லாரன் எம்பி4/1 என்ற ஃபார்முலா 1 கார், ஓட்டுநர் அமரும் கூட்டை முழுவதும் கார்பன் ஃபைபரால் அமைத்தது. அது உடைந்து சிதறிவிடும் என்றவர்கள், அதே ஆண்டு மோன்சாவில் நேர்ந்த கடும் விபத்திலிருந்து அதன் ஓட்டுநர் ஜான் வாட்சன் காயமின்றி நடந்து வந்ததைக் கண்டு மௌனமானார்கள். 1992-இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1, அதே உத்தியைச் சாலைக் காருக்குக் கொண்டுவந்தது; தென்னாப்பிரிக்காவில் பிறந்த கார்டன் மர்ரி வடிவமைத்த அக்கார், பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைச் சுமந்தும் 1,138 கிலோவில் நின்றது.

அலுமினியத்துக்கோ சிதம்பரமே சாட்சி. எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள அலுமினியத்தை வழக்கமான முறையில் உருக்கிப் பற்றவைத்தால் இணைப்பில் நுண்துளைகளும் விரிசல்களும் தோன்றி வலிமை குறைகிறது. 1991-இல் இங்கிலாந்தின் பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் உருவான உராய்வுக் கலக்கல் முறை இதற்கு விடை கண்டது: சுழலும் ஊசி ஒன்று இரு தகடுகளின் சந்திப்பில் அழுந்தி நகர, உலோகம் உருகாமலேயே இளகி, ஒன்றோடொன்று கலந்து இறுகுகிறது. 2005-ஆம் ஆண்டின் ஃபோர்டு ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் காரின் நடுச்சுரங்க அமைப்பு இம்முறையில் இணைக்கப்பட்டது. அலுமினியம், மெக்னீசியக் கலவைகளை இம்முறையில் இணைப்பது பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறை பல ஆண்டுகளாக ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டு வருகிறது. அண்ணாமலைநகரின் வாசலைத் தினமும் கடந்து செல்லும் இளைஞர்கள், இலகு உலோக அறிவியல் ஏதோ ஜெர்மனியில் மட்டும் நடப்பது என்று நம்பிக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது.

இதுவரை சொன்னவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். கார் விமர்சகர்கள் பலர் உரிய கவனம் கொடுக்காத, ஆனால் ரசனையின் உயிராக விளங்கும் வேறுபாடு இனிமேல்தான் வருகிறது. காரின் எடை எவ்வளவு என்று கேட்பது பாதிக் கேள்வி. அந்த எடை எங்கே இருக்கிறது என்பதே மீதிப் பாதி. ஒரு காரின் உடல், எஞ்சின், இருக்கைகள், பயணிகள் ஆகிய யாவும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்திருக்கின்றன. இவற்றை மேலெடை எனலாம். சக்கரம், டயர், பிரேக் டிஸ்க், அதைக் கவ்வும் காலிப்பர், ஹப் ஆகியவை ஸ்பிரிங்குகளுக்குக் கீழே, சாலையோடு நேரடித் தொடர்பில் இருக்கின்றன, இவை கீழெடை. ஒரே தராசில் இரண்டும் கிலோதான் என்றாலும், ஓடும் காரில் கீழே இருக்கும் ஒரு கிலோவும் மேலே இருக்கும் ஒரு கிலோவும் சமமல்ல.

காரணம் எளிது. சாலையில் ஒரு மேடு வந்தால் சக்கரம் மேலே தூக்கப்படுகிறது. சக்கரம் கனமாக இருந்தால் அது மேடு முடிந்த பின்னும் தன் வேகத்தில் மேல்நோக்கியே செல்ல முயல்கிறது; ஸ்பிரிங் அதைத் திரும்பக் கீழே தள்ளி முடிப்பதற்குள் டயர் சாலையின் மேல் கொண்டிருந்த அழுத்தம் குறைந்துவிடுகிறது, சில நேரம் முற்றிலும் அற்றுப்போகிறது. அழுத்தமற்ற டயருக்குப் பிடிப்பில்லை. பிடிப்பில்லாத டயரால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. சக்கரம் இலகுவாக இருந்தால், அது மேட்டின் வடிவத்தை அப்படியே தொடர்ந்து ஏறி இறங்குகிறது, மேலே இருக்கும் உடல் அசையாமல் செல்கிறது. இதைக் காண பந்தயத் தளம் தேவையில்லை. சிதம்பரம் நகருக்குள் ஏதேனும் ஒரு வேகத்தடைக்குப் பக்கவாட்டில் சற்று நேரம் நின்று, கடந்து செல்லும் வாகனங்களின் உடலைப் பார்க்காமல் சக்கரத்தை மட்டும் பார்த்தால் போதும்: சில கார்களில் சக்கரம் ஏறி உடனே தரையைப் பற்றுகிறது, சிலவற்றில் அது தரையில் விழுந்து மீண்டும் ஒருமுறை துள்ளுகிறது. இந்தத் துள்ளலைக் காணக் கண் பழகியவர், ஸ்போர்ட்ஸ் காரை ரசிப்பதில் பாதித் தொலைவைக் கடந்துவிட்டார்.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. அது பெரும்பாலோர் கவனத்துக்கு வருவதே இல்லை. மேலெடைக்கும் கீழெடைக்கும் உள்ள விகிதமே முக்கியம் என்பதால், காரின் உடலை மட்டும் இலகுவாக்கிவிட்டு அதே பழைய சக்கரங்களை மாட்டினால் நிலைமை மோசமாகிறது: இலகுவான உடலைக் கனமான சக்கரங்கள் உலுக்கி எடுக்கும். ஆகவே உடல் எந்த அளவு இளைக்கிறதோ அந்த அளவு சக்கரமும் இளைக்க வேண்டும். 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ், அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த சட்டத்தின் மேல் எழுந்த, ஏறத்தாழ 725 கிலோ மட்டுமே எடையுள்ள கார். அதன் தொடக்க கால வண்டிகளில் பிரேக் டிஸ்க்கைக்கூட இரும்பில் செய்யாமல் அலுமினியக் கலப்புப் பொருளில் செய்தார்கள். பின்னர் அந்த டிஸ்க்குகள் கைவிடப்பட்டு இரும்பு வந்தது உண்மையே; எனினும் அந்தத் துணிவில் வெளிப்படும் சிந்தனைத் தெளிவு 1,500 குதிரைத்திறனும் இரண்டு டன்னை ஒட்டிய எடையும் கொண்ட புகாட்டி ஷிரோனில் இல்லை. ஷிரோன் ஒரு சாதனை என்பதில் ஐயமில்லை, ஆனால் நேர்க்கோட்டுச் சாதனை.

கீழெடையிலும் சுழலும் எடை என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, காரோடு சேர்ந்து முன்னேறவும் வேண்டும், அச்சைச் சுற்றிச் சுழலவும் வேண்டும். ஆகவே வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அது கிட்டத்தட்ட இரண்டு கிலோவின் வேலையை வாங்குகிறது. 2023-இல் வெளிவந்த போர்ஷே 911 எஸ்/டி இதை நன்கு உணர்ந்த கார்: மெக்னீசியச் சக்கரங்கள், இரும்பைவிட ஏறத்தாழ பாதி எடையே உள்ள கார்பன்-செராமிக் பிரேக் டிஸ்க்குகள், கீழெடையில் சேராவிடினும் எஞ்சினோடு சுழலும் பாகங்களில் 10.5 கிலோவை மிச்சப்படுத்தும் கிளட்ச் அமைப்பு என எல்லாம் சேர்ந்து அது 1,380 கிலோவில் நிற்கிறது. விலைப்பட்டியலைப் படிப்பவருக்கு 10.5 கிலோ ஓர் அற்பம். கீழெடையும் சுழலெடையும் அறிந்தவருக்கு அந்த ஓர் எண்ணிலேயே காரின் குணம் முழுவதும் தெரிந்துவிடும்.

கீழெடையைக் குறைக்கும் வேட்கை விளையாட்டல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1970-இன் லோட்டஸ் 72 ஃபார்முலா 1 கார், முன்பிரேக்குகளைச் சக்கரத்திலிருந்து கழற்றிக் காரின் உடலுக்குள் வைத்து, பிரேக்கையும் சக்கரத்தையும் மெல்லிய தண்டுகளால் இணைத்தது. கீழெடை வெகுவாகக் குறைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மோன்சாவில் அக்காரை ஓட்டிய யோகன் ரின்ட் உயிரிழந்த விபத்துக்கு அத்தகைய தண்டு ஒன்று முறிந்ததே தொடக்கம் என்று கருதப்படுகிறது. இலகுவானது என்றால் மெலிந்தது என்று பொருளல்ல. விசை செல்லும் வழியில் மட்டும் பொருளை வைத்து மற்ற இடங்களில் நீக்குவது என்பதே பொருள்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் ஆழமற்றவை எவை என்பது தானே வெளிப்படும். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது என்று கூச்சலிடுவதோடு முடிந்துவிடும் காணொளி விமர்சனம் ஆழமற்றது, ஏனெனில் அது வளைவையும் பிரேக்கையும் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 2,400 கிலோவைத் தாண்டும் புதிய பிஎம்டபிள்யூ எம்5-ஐ ஸ்போர்ட்ஸ் செடான் என்று புகழ்வது, எஞ்சினின் வலிமையைக் காரின் நயமாக எண்ணிக்கொள்ளும் மயக்கம். கார்பன் ஃபைபர் போலத் தோன்றும் ஸ்டிக்கரைப் பானட்டில் ஒட்டுவது எடையைக் குறைக்காதது மட்டுமன்று, ஸ்டிக்கரின் எடையையும் கூட்டுகிறது. இவற்றையெல்லாம்விடக் கேடானது, பெரிய அலாய் சக்கரங்களின் மேல் நகரங்களில் பரவியிருக்கும் மோகம்: விட்டம் பெருத்த சக்கரம் பெரும்பாலும் கனமும் பெருத்தது, அதுவும் விளிம்பில் பெருத்தது, தோற்றத்துக்காகக் காரின் நடையையே காவு கொடுக்கும் செயல் அது.

நேரில் காண விரும்புவோர் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. கடலூரிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சென்றால் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தளம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பின்னதற்குப் பெயரளித்த எஸ். கரிவரதன், எளிய மாருதி காரின் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, 1995-இல் விமான விபத்தில் மறைந்தவர். பின்னாளில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநராக உயர்ந்த நரேன் கார்த்திகேயன் அத்தகைய ஃபார்முலா மாருதி கார்களில் ஓட்டிப் பயின்றவரே. அந்த மரபில் வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களிலும் இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் உடல், மாருதி ஸ்விஃப்டின் 1300 சிசி எஞ்சின் ஆகியவை தவிரப் பகட்டு ஒன்றும் இல்லை. எடை என்ற சிந்தனையை அறிய இவற்றைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது.

தளத்துக்குச் செல்வோருக்கு ரகசியமாகச் சொல்லத்தக்க குறிப்பு ஒன்று உண்டு. கூட்டம் நேர்சாலையின் ஓரத்தில்தான் நிற்கும், அங்கே ஓசை அதிகம் என்பதால். அங்கே நிற்க வேண்டாம். நேர்சாலை முடிந்து கார்கள் பிரேக் பிடிக்கும் இடத்துக்கு அப்பால், வளைவின் உட்புறக் கட்டையான கெர்பைச் சக்கரங்கள் ஏறிக் கடக்கும் இடம் தெரியும்படி நின்று, ஒரே காரின் முன்சக்கரத்தைப் பல சுற்றுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். எந்தச் சக்கரம் கட்டையில் ஏறி இறங்கியதும் அசையாது தரையைப் பற்றுகிறதோ, அந்தக் கார்தான் வளைவிலிருந்து முதலில் வெளியேறும்.

பந்தயத் தளத்துக்குச் செல்ல இயலாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தம் காருக்கு அலாய் சக்கரம் மாற்ற எண்ணுவோர், கடைக்காரரிடம் பழைய சக்கரத்தையும் புதிய சக்கரத்தையும் டயரோடு தராசில் வைத்துக் காட்டும்படி கேட்க வேண்டும். புதியது பழையதைவிடக் கனமாக இருந்தால் வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.